இருவாச்சியின் பொந்திலிருந்து ஒரு கதை: குழந்தைகளுக்குக் காட்டுயிர்களை அறிமுகப்படுத்தும் முறை

காட்டுயிர்களைப் பற்றிக் குழந்தைகளுக்குக் கதை சொல்லத் தொடங்குவோர், முதலில் ஒரே ஓர் உயிரினத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் பெரிய இருவாச்சிப் பறவையை நான் பரிந்துரைப்பேன். அதன் வாழ்க்கையே பாதிக் கதை.

அடுத்து, கற்பனையைத் தொடுவதற்கு முன் உண்மைகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெண் இருவாச்சி உயர்ந்த மரப் பொந்துக்குள் புகுந்து, பெரும்பாலும் தன் எச்சத்தைக் கொண்டே வாயிலைப் பூசி அடைத்து, அலகு நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு கீறலை விட்டுவிட்டு, ஒன்றோ இரண்டோ முட்டைகளை இட்டு, ஏறக்குறைய 40 நாட்கள் அடைகாக்கிறது. ஆண் பறவை அத்திப்பழங்களைத் தொண்டையில் அடக்கி வந்து, ஒவ்வொன்றாக மேலெடுத்து அக்கீறல் வழியே ஊட்டுகிறது.

மூன்றாவதாக, கதையை யார் சொல்வது என்று முடிவு செய்யுங்கள். பொந்துக்குள் இருக்கும் தாயே பேசட்டும். பறவை பேசலாம், கவலைப்படலாம். ஆனால் இயற்கையில் செய்யாத எதையும் அது கதையில் செய்யக் கூடாது. நான் ஒருமுறை முதுமலையில் புலியும் சிங்கமும் சந்திப்பதாகச் சொல்லி, அங்கே சிங்கமே இல்லை என்று ஒரு சிறுமியால் திருத்தப்பட்டேன்.

இனிக் கதை சொல்லும் நேரம். பெரிய அட்டைப்பெட்டி ஒன்றில் இரண்டு விரல் அகலத்தில் கீறலிட்டு, அதன் பின்னால் குழந்தையை உட்கார வைத்து, அறை விளக்கை அணைத்துவிடுங்கள். முறத்தை வீசி இறக்கையோசை எழுப்பிய பிறகு, உலர்திராட்சையை ஒவ்வொன்றாகக் கீறல் வழியே நீட்டுங்கள். நான்காவது பழத்துக்குப் பின் நிறுத்திவிட்டு, “இன்னும் அப்பாவைக் காணோமே, ஏன்?” என்று தாயின் குரலில் கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். மழை என்பார்கள்; அத்திமரத்தை யாரோ வெட்டிவிட்டார்கள் என்பார்கள்; வேட்டைக்காரன் என்றும் ஒரு குரல் வரும். ஒவ்வொரு பதிலையும் பிடித்துக்கொண்டு கதையைச் சற்றே நகர்த்துங்கள்.

முடிந்ததும், கதைக்காகச் சொன்னவற்றையும் உண்மையில் நடப்பவற்றையும் இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். பறவை பேசியதைச் சரியாகவே கற்பனையில் சேர்த்துவிடுவார்கள். எச்சத்தால் வாயிலை அடைத்ததையும் அதே பத்தியில் எழுதுவார்கள். அதுவரை மறைத்து வைத்திருந்த கூட்டின் படத்தை அப்போது எடுத்துக் காட்டுங்கள்.