ரேட்டிங் வரும்முன் கார் வாங்காதீர்கள்: பயிற்சிக் கட்டுப்பாட்டாளர்கள் சம்பளத்தில் செய்யும் தவறுகள்

சிப்பாங்கில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் பணிப்பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு தொகுதியும், முன்பு எங்கள் தொகுதியினர் பணத்தில் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். செலவுக் கணக்கு எழுதி வையுங்கள், மாமாக் கடையில் அளவோடு சாப்பிடுங்கள் என்பதையெல்லாம் உங்கள் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். அவற்றை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை.

கட்டத்துக்குரிய படியை நிரந்தரச் சம்பளமாக எண்ணுவது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். பயிற்சியில் இருப்பவரின் சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளம் ஒரு வரி. அதன் கீழே வரும் படிகளில் சில, நீங்கள் இப்போது இருக்கும் கட்டத்துக்கு மட்டும் உரியவை. வகுப்புப் பயிற்சிக்காகத் தரப்படும் வாழ்க்கைச் செலவுப் படி வகுப்பு முடிந்ததும் நின்றுவிடும். விடுதி அறையையும் அதே வாரத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். உரிமத்தையும், ஒரு பணிநிலையில் தனியாக வேலை பார்க்கத் தகுதி தரும் ரேட்டிங்கையும் சார்ந்த படியோ, அவை கைக்கு வந்த பிறகுதான் தொடங்கும். இடைப்பட்ட மாதங்களில் கையில் மிஞ்சுவது ஏறக்குறைய அடிப்படைச் சம்பளம் மட்டுமே.

கிள்ளானிலிருந்து வந்த ஒரு தம்பி வகுப்பில் இருக்கும்போதே புதுக் கார் எடுத்தார். "கன்ட்ரோலர் வேலையா தம்பி, இன்னும் ஆறு மாசத்துல சம்பளம் எங்கேயோ போயிடுமே" என்று விற்பனையாளர் சொன்னாராம். பெருமையோடு என்னிடம் சாவியைக் காட்டியபோது, கடன் எத்தனை ஆண்டுக்கு என்று கேட்டேன். "ஒன்பது வருஷம்தான், அண்ணே" என்றார்.

கணக்கைப் பாருங்கள். 50,000 ரிங்கிட் கடன், முழுக் கடன் தொகைக்கும் கணக்கிடப்படும் ஆண்டுக்கு 3.5 விழுக்காடு நிலையான வட்டி, 9 ஆண்டுகள் என்றால் வட்டி மட்டும் 15,750 ரிங்கிட். மாதத் தவணை ஏறக்குறைய 609 ரிங்கிட். உதாரணத்துக்கு, அடிப்படைச் சம்பளம் 2,600, வீட்டுப்படி 300, வகுப்புக் காலப் படி 500 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,400 என்று பார்க்கும்போது 609 சிறிய தொகையாகத்தான் தெரியும். வகுப்பு முடிந்து 500 போய்விட்டால் மிஞ்சுவது 2,900. அதில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 319 ரிங்கிட் பிடிக்கப்படும். விடுதியை விட்டபின் அறை வாடகை 700, கார்த் தவணை 609 என்று கழித்தால் 1,272 நிற்கும். சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தா, பிடிபிடிஎன் எனும் உயர்கல்விக் கடன் தவணை, பெட்ரோல், டோல், சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். காப்புறுதியும் சாலை வரியும் புதுப்பிக்க வேண்டிய மாதம் வந்தால் யாரிடமாவது கைமாற்று வாங்கித்தான் ஆக வேண்டும்.

அந்த "ஆறு மாசம்" என்ற கணக்கும் பிழையானது. அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் உரிம விதிகளைச் சொல்லும் இணைப்பு 1, கோபுரக் கட்டுப்பாட்டு ரேட்டிங்குக்கு மேற்பார்வையின்கீழ் குறைந்தது 90 மணி நேரம் அல்லது ஒரு மாதம், அணுகு கட்டுப்பாட்டுக்கும் வட்டாரக் கட்டுப்பாட்டுக்கும் 180 மணி நேரம் அல்லது மூன்று மாதம், இவற்றில் எது அதிகமோ அது என்கிறது. புதியவர்கள் இதைப் படித்துவிட்டு அதுவே தங்கள் கால அட்டவணை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள், ஆனால் அது கீழ்வரம்பு மட்டுமே. பரபரப்பான ஒரு செக்டரில் (கட்டுப்பாட்டுக்காகப் பிரிக்கப்பட்ட வான்பகுதியில்) மதிப்பீட்டுக்குத் தயார் என்று பயிற்றுநர் கையெழுத்திட அதைப்போலப் பல மடங்கு காலம் பிடிக்கலாம். நடுவே மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்றில் ஒரு சிக்கல் வந்தாலோ, ஆங்கிலத் தேர்வில் நான்காம் நிலை கிடைக்காவிட்டாலோ, ரேட்டிங்கும் அதைச் சார்ந்த படியும் தள்ளிப்போகும். வங்கித் தவணை மட்டும் தள்ளிப்போகாது. 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் காரை மீட்டெடுக்கப் போவதாக 21 நாள் அறிவிப்பு அனுப்ப முடியும். அந்தத் தம்பிக்கு அறிவிப்பு வரும் நிலை ஏற்படவில்லை. அவருடைய அம்மா தம் நகையை அடகு வைத்துத் தவணையைக் கட்டினார்.

சிப்பாங்கில் முறைப்பணி செய்பவருக்கு வண்டி தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. நள்ளிரவில் ஷிப்ட் முடிந்தால் ரயிலை நம்பியிருக்க முடியாது. ஆனால் சாலாக் திங்கியிலோ கோத்தா வாரிசானிலோ நண்பர்களோடு தங்குபவருக்கு ஒரு பழைய மைவி காரோ மோட்டார் சைக்கிளோ போதும்.

வாடகை முன்பணத்தை மறப்பது

நம் ஊர் வழக்கப்படி இரண்டு மாத வைப்புத்தொகை, அரை மாத நீர்-மின்சார வைப்புத்தொகை, ஒரு மாத முன்வாடகை என மூன்றரை மாத வாடகையை முதல் நாளே வைக்க வேண்டியிருக்கும். 1,200 ரிங்கிட் வீடு என்றால் 4,200 ரிங்கிட். விடுதியில் இருக்கும் மாதங்களில் சேர்த்தால்தான் உண்டு.

கிரெடிட் கார்டு

வேண்டாம்.

கூடுதல் நேர ஊதியத்துக்கும் சேமநிதி உண்டு என்று நினைப்பது

இல்லை. கூடுதல் நேர ஊதியத்துக்கும் பயணப் படிக்கும் ஊழியர் சேமநிதிச் சந்தா கிடையாது. சொக்சோ கணக்கில் கூடுதல் நேர ஊதியம் சேரும். இரண்டையும் குழப்பிக்கொண்டு சம்பளப் பிரிவில் போய்ச் சண்டை போடாதீர்கள்.

பயிற்சி ஒப்பந்தத்தைப் படிக்காமல் ஜாமீன் கேட்பது

மாமாவையோ அண்ணனையோ ஜாமீன் கையெழுத்துக்கு அழைக்கும்முன் இரண்டு பத்திகளைத் தேடிப் படியுங்கள். நீங்களாக விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்பது ஒன்று. முயன்றும் தேர்ச்சி பெறாமல் போனால் என்ன ஆகும் என்பது மற்றொன்று. பலர் முதலாவதை மட்டும் படித்துவிட்டு, "நான்தான் விலகப் போவதில்லையே" என்று கையெழுத்திட்டுவிடுகிறார்கள்.

இடமாற்றத்தைக் கணக்கில் கொள்ளாதது

ரேட்டிங் என்பது குறிப்பிட்ட இடத்துக்கும் பணிநிலைக்கும் உரியது. சுபாங் கோபுரத்தில் பெற்றதை வைத்துக்கொண்டு கோத்தா கினபாலுவில் மைக்கைப் பிடிக்க முடியாது. அங்கே மறுபடியும் பயிற்சியாளராகத்தான் உட்கார வேண்டும். அந்த மாதங்களில் ரேட்டிங் படி தொடருமா, இடமாற்றப் படி ஒருமுறை மட்டும் தரப்படுமா, மாதாமாதம் வருமா, விமான டிக்கெட் குடும்பத்துக்கும் சேர்த்தா என்பதை, மாற்றல் கடிதத்துக்குப் பதில் எழுதும்முன் மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழிப் பதிலை ஏற்காதீர்கள். பதில் சொன்னவரே அடுத்த மாதம் மாற்றலாகிப் போயிருப்பார்.