மில்லில் தூள் படிகிறதா? முதலில் அண்ணாந்து பாருங்கள்

கிராண்ட்பாஸ் பக்கம் மிளகாய், மல்லி அரைக்கும் மில்லோ, மொறட்டுவையில் தளபாடப் பட்டறையோ, புதிதாகப் பொறுப்பெடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தூளால் தும்மல் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். வெடிக்கும் என்றால்தான் நம்பமாட்டார்கள். மா, சீனி, மிளகாய்த்தூள், மரத்தூள் எல்லாமே நன்றாக நுணுங்கிக் காற்றில் கலந்து, அடைபட்ட இடத்தில் பொறி பட்டால் வெடிக்கக்கூடியவை. கொழும்பின் ஈரக்காற்று காப்பாற்றும் என்று இருக்க வேண்டாம். அரைபடும் சூட்டில் தூள் காய்ந்துதான் வெளியே வருகிறது.

1. மேலே ஏறிப் பாருங்கள்

மெஷினை நிறுத்தி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஏணி வையுங்கள். கூரை வளைகள், டியூப் லைட்டின் முதுகு, வயர் போகும் தட்டு எல்லாவற்றிலும் விரலை வைத்து இழுத்துப் பாருங்கள். பேப்பர் கிளிப் கம்பியின் தடிப்பு, அதாவது 0.8 மில்லிமீட்டர் அளவு தூள், தரைப்பரப்பின் 5 சதவீதத்துக்குச் சமமான இடத்தில் படிந்திருந்தாலே ஆபத்து என்பது அமெரிக்கத் தீப்பாதுகாப்புக் கணக்கு. 1,000 சதுர அடி மில்லுக்கு 50 சதுர அடிதான். வளைகளையும் சேர்த்தால் அது சுலபமாக வந்துவிடும்.

மெஷினுக்குள் நடக்கும் முதல் வெடிப்பு சின்னதாக இருக்கலாம். அந்த அதிர்வில் மேலேயிருக்கும் தூள் மொத்தமாக உதிர்ந்து பற்றுமே, கட்டடத்தைச் சாய்ப்பது அதுதான்.

2. காற்றோட்டத்தைச் சோதியுங்கள்

சுவரில் ஒரு எக்ஸோஸ்ட் பேன் சுற்றுகிறது என்று திருப்திப்பட வேண்டாம். தூள் பறந்து, வேலையாட்களின் முகத்தைத் தாண்டிய பிறகுதான் அது இழுக்கும். உறிஞ்சும் குழாய் தூள் கிளம்பும் இடத்திலேயே, மூட்டை நிரப்பும் வாய்க்குப் பக்கத்தில், இருக்க வேண்டும். ஒரு குச்சியில் நூலைக் கட்டி அங்கே நீட்டிப் பாருங்கள். நூல் குழாய்ப் பக்கம் சாய வேண்டும். (ஊதுபத்திப் புகை வேண்டவே வேண்டாம்!) சாயவில்லையா? கதவைத் திறந்து பாருங்கள். உள்ளே வர வழியில்லாமல் காற்று வெளியே போகாது.

மூடிவைத்தால் போதும் என்பதும் தப்பு. 2008இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ஒரு சீனி ஆலையில், சீனி சுத்தமாக இருக்கட்டும் என்று கன்வேயர் பெல்ட்டைத் தகடடித்து மூடினார்கள். தூளை உறிஞ்ச ஏற்பாடில்லை. உள்ளே சேர்ந்த தூள் வெடித்து 14 பேர் இறந்தார்கள்.

3. சுத்தம் செய்யுங்கள்

மேலிருந்து கீழே, ஈரத்துணியால். கொம்பிரசரால் ஊதுவது தூளை நாமே காற்றில் கலந்துவிடுகிற வேலை. வீட்டு வாக்குவம் கிளீனரும் கூடாது, மோட்டரில் பொறி பறக்கும். அலுமினியத் தூள் என்றால் தண்ணீரே ஆகாது, ஹைட்ரஜன் வரும்.

4. பொறியைத் தடுங்கள்

மல்லியோடு ஆணி வந்து விழும், அதனால் கொட்டும் வாயில் காந்தம். சூடேறும் பெயாரிங்கை உடனே மாற்றுங்கள். மெஷினுக்கு எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். வெல்டிங் வேலை வந்தால், தூளைத் துடைத்து முடியும்வரை வெல்டரை வாசலிலேயே நிறுத்துங்கள், முதலாளி எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.