டிராகோவில் கரும்பொருளைத் தேடுவது எப்படி: ஒரு லேப்டாப்பும் ஃபெர்மி தரவும்

கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் கரும்பொருளை (டார்க் மேட்டர்) தேட ஏதாவது பெரிய ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்தால்தான் உண்டு என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2008 ஜூனில் விண்ணுக்குப் போன ஃபெர்மி தொலைநோக்கி பிடித்த காமாக் கதிர்களின் பட்டியலை நாசா இணையத்தில் இலவசமாகவே தருகிறது, அதை அலசும் ஃபெர்மிடூல்ஸ் மென்பொருளும் இலவசம். லினக்ஸோ மேக்கோ ஓடும் ஒரு லேப்டாப், கொஞ்சம் பைதான், நிறைய பொறுமை இருந்தால் போதும்.

காமாக் கதிர் எதற்கு? கரும்பொருள் என்பது விம்ப் என்று சொல்லப்படும் கனமான துகள்தான் என்றால், இரண்டு விம்ப் மோதி அழியும்போது கடைசியில் காமாக் கதிர்கள் கிளம்ப வேண்டும். அவற்றுக்கு மின்னூட்டம் கிடையாது, காந்தப்புலத்தில் வளையாமல் நேராக வரும், அதனால் வந்த திசையைக் கைகாட்டிச் சொல்லிவிடலாம்.

எங்கே பார்ப்பது என்பதுதான் முதல் முடிவு. பால்வீதியின் மையத்தில் கரும்பொருள் அடர்த்தி அதிகம், உண்மைதான். அங்கே 2 ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டை (ஃபோட்டானின் ஆற்றலை அளக்கும் அலகு, இனிச் சுருக்கமாக ஜிகா) ஒட்டிக் கணக்குக்கு மிஞ்சிய ஒளி இருப்பதாக 2009-இல் குடினஃப், ஹூப்பர் என்ற இரு இயற்பியலாளர்கள் சொன்னார்கள். அது கரும்பொருளா, மில்லிநொடிப் பல்சார் (நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழலும் நியூட்ரான் விண்மீன்) கூட்டமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. புதிதாகத் தொடங்குபவர் அந்தச் சந்தை இரைச்சலுக்குள் போகவே வேண்டாம். டிராகோவுக்குப் போங்கள். சுமார் இரண்டரை லட்சம் ஒளியாண்டு தூரத்தில், பால்வீதியைச் சுற்றும் ஒரு குள்ள கேலக்ஸி. வாயு இல்லை, புது விண்மீன்கள் பிறப்பதில்லை, மொத்த வெளிச்சமே சில லட்சம் சூரியன்கள்தான். ஆனால் அதன் விண்மீன்கள் ஓடும் வேகத்தைப் பார்த்தால், கண்ணுக்குத் தெரிவதைப் போல நூறு மடங்குக்குக் குறையாத நிறை உள்ளே இருந்தாக வேண்டும். காமாக் கதிர் விடும் வேறு பொருள் அங்கே ஏறக்குறைய எதுவுமே இல்லை, அந்த அமைதிதான் நமக்கு வேண்டியது.

சரி, தரவு இறக்குங்கள். வானத்தில் டிராகோவின் இடம் வல ஏற்றம் 260.05 பாகை, நடுவரை விலக்கம் 57.92 பாகை, சுற்றிலும் 15 பாகை, ஆற்றல் 500 மெகா எலக்ட்ரான்வோல்ட்டிலிருந்து 500 ஜிகா வரை. முதலில் இரண்டு வருடத் தரவை வைத்துப் பழகுங்கள். கோப்பு வந்ததும் நிரல் ஓட்ட அவசரப்படாமல் அதைத் திறந்து ஒருமுறை பாருங்கள். ஒவ்வொரு வரியும் ஒரே ஒரு ஃபோட்டான்: ஆற்றல், திசை, 2001 ஜனவரி 1-லிருந்து நொடிக் கணக்கில் எண்ணிய நேரம். எனக்கு இன்றும் இந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கும்.

அப்புறம் வடிகட்டல். நிகழ்வு வகுப்பு 128, வகை 3 (எந்த ஃபோட்டான்களை எடுப்பது என்று ஃபெர்மிடூல்ஸுக்குச் சொல்லும் எண்கள்). உச்சிக்கோணத்தை (தொலைநோக்கிக்கு நேர் மேலே உள்ள திசையிலிருந்து சாய்வு) 90 பாகையில் வெட்டுங்கள், இதை மறந்தால் எல்லாம் பாழ், ஏனென்றால் அண்டக்கதிர் மோதிப் பூமியின் காற்றுமண்டலமே காமாவில் பளீரென்று எரிகிறது. அடுத்தது வானத்துக்கான மாதிரி (மாடல்), அதில் சேர வேண்டியவை: பால்வீதியின் பரவல் ஒளி, எல்லாத் திசையிலும் சமமாக வரும் பின்னணி, ஃபெர்மி கண்ட காமா மூலங்களின் 4எஃப்ஜிஎல் பட்டியலில் சுற்றுவட்டாரத்திலுள்ள மூலங்கள், கடைசியாக டிராகோ நிற்கும் இடத்தில் நீங்கள் வைக்கும் கரும்பொருள் மூலம். ஒரு ஜிகாவில் ஃபெர்மியின் பார்வை முக்கால் பாகைக்கு மேல் மங்கல், பக்கத்து வீட்டு வெளிச்சம் நம் வீட்டிலும் விழும், அதனால்தான் இவ்வளவு பெரிய வட்டம். இத்தனையையும் ஃபெர்மிபை என்ற பைதான் தொகுப்பு ஒரே அமைப்புக் கோப்பை வைத்துச் செய்துவிடும்.

முடிவில் டிஎஸ் என்று ஓர் எண் வரும், கரும்பொருள் மூலத்தைச் சேர்த்தால் மாதிரி தரவோடு எவ்வளவு மேலாகப் பொருந்துகிறது என்று சொல்வது. 25-ஐத் தாண்டினால்தான் மூலம் என்று பேசவே ஆரம்பிக்கலாம். 6, 8 என்று வந்தால் மனசு துள்ளும், அங்கேதான் நிதானம் வேண்டும். எதுவும் இல்லாத வெற்று வானத்தில், பட்டியல் மூலங்களை விட்டு விலகி, நூறு இடங்களைத் தேர்ந்தெடுத்து அதே நிரலை அப்படியே ஓட்டுங்கள். பட்டியலில் ஏறாத மங்கலான பிளேசார்களால் (மையக் கருந்துளை நம் பக்கம் தாரையைப் பீய்ச்சும் தூரத்துக் கேலக்ஸிகள்) அங்கேயும் அதே மாதிரி எண்கள் தலைகாட்டும், சாதாரணப் புள்ளியியல் கணக்கு சொல்வதைவிட அடிக்கடி. இந்த வேலையைத் தவிர்த்தவர் சொல்லும் எந்தச் சமிக்ஞையையும் நான் நம்ப மாட்டேன். 2012-இல் பால்வீதி மையத்துப் பக்கம் 130 ஜிகாவில் ஒரு கோடு (ஒரே ஆற்றலில் குவியும் ஒளி) தெரிவதாக வெனிகர் என்ற ஆய்வாளர் அறிவித்தபோது உலகமே பரபரத்தது. பிறகு பூமியின் விளிம்பிலிருந்து வந்த ஒளியிலும் அதே ஆற்றலில் ஒரு மேடு தெரிந்தது, பூமியின் விளிம்பில் கரும்பொருளுக்கு என்ன வேலை? தரவு சேரச் சேர அந்தக் கோடு மங்கிப்போனது.

டிராகோவில் உங்களுக்கும் ஒன்றும் கிடைக்காது என்றே எதிர்பாருங்கள். அதுவும் விடைதான். மடக்கை நிகழ்தகவு (லாக் லைக்லிஹுட், மாதிரி தரவோடு பொருந்தும் அளவு) உச்சத்திலிருந்து 1.35 இறங்கும் இடத்தில் 95 விழுக்காட்டு மேல்வரம்பைக் குறியுங்கள், ஜே காரணியை (அந்தத் திசையில் கரும்பொருள் எவ்வளவு குவிந்திருக்கிறது என்ற அளவு) கொண்டு அதை மோதல் விகிதமாக மாற்றுங்கள். ஃபெர்மி குழு 2015-இல் 15 குள்ள கேலக்ஸிகளின் ஆறு வருடத் தரவைச் சேர்த்துப் பார்த்து, பாட்டம் குவார்க் என்ற துகள் வழியில் அழியும் விம்ப்பின் நிறை சுமார் 100 ஜிகாவுக்குக் கீழே இருந்தால், இன்றிருக்கும் கரும்பொருள் அளவுக்குத் தேவையான அந்தச் சாதாரண மோதல் விகிதம் செல்லாது என்று காட்டியது. டிராகோ மட்டும் அவ்வளவு இறுக்கமான வரம்பு தராது, ஆகவே அடுத்து அர்சா மைனர், செகு 1 என்று மற்ற குள்ள கேலக்ஸிகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். செகு 1-இல் வேகம் அளந்த உறுப்பு விண்மீன்கள் எழுபது சொச்சம்தான், டிராகோவிலோ நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, விண்மீன் குறையக் குறைய ஜே காரணி நிச்சயமற்றதாகும், எனவே அதன் பிழையையும் நிகழ்தகவுக்குள்ளேயே சேர்த்துத்தான் கூட்ட வேண்டும்.