'க்ளோஸ்'னு சொல்றப்போ நாம பண்ற தப்புகள்

ரொம்ப ஈஸியான வார்த்தைதானேன்னு நாம கண்டுக்காம விட்டுடுறதுல 'க்ளோஸ்' ஒண்ணு. பக்கத்துலன்னும் அர்த்தம், நெருக்கமானன்னும் அர்த்தம், மூடுறதுக்கும் அதே ஸ்பெல்லிங், அங்கதான் குழப்பமே ஆரம்பிக்குது.

முதல்ல உச்சரிப்ப பாத்துடலாம். கதவை மூடுன்னு சொல்ற க்ளோஸ் முடியுறது இசட் சத்தத்துல, தொண்டையில ரெண்டு விரலை வெச்சுட்டு சொல்லிப் பாருங்க, லேசா அதிரும். பக்கத்துலங்கிற க்ளோஸ்ல வர்றது பஸ்ல வர்ற அதே ஸ், அந்த இடத்துல காத்து மட்டும்தான் வரும். தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே எழுத்து போட்டுப் பழகிட்டோம், அதனால இந்த வித்தியாசம் நம்ம காதுல விழறதே இல்ல. ரெண்டு வார்த்தைக்கும் மூலம் 'மூடு'ங்கிற அர்த்தமுள்ள ஒரே லத்தீன் வேர்தான், நடுவுல இருக்குற இடைவெளிய மூடிட்டா ரெண்டு பொருளும் பக்கத்துல வந்துடும்ல, அப்படி ஞாபகம் வெச்சுக்கோங்க.

நான் அதிகமா பாக்குற தப்பு 'க்ளோஸ் ஃப்ரம் த ஸ்டேஷன்'. இது ஏன் வருதுன்னா நாம 'ஸ்டேஷன்ல இருந்து பக்கம்தான்'னு யோசிச்சுட்டு அந்த 'இருந்து'க்கு ஃப்ரம் போட்டுடுறோம், போதாததுக்கு தூரத்தை சொல்ற 'ஃபார்' கூட ஃப்ரம்தான் வரும், அந்தப் பழக்கமும் சேந்துக்குது. அதுக்கு பதிலா 'ஸ்டேஷனுக்குப் பக்கத்துல'ன்னு நெனச்சுக்கோங்க, அந்த 'க்கு'தான் இங்கிலீஷ்ல 'டு', அதனால 'க்ளோஸ் டு த ஸ்டேஷன்'. 'நியர்' போட்டா டு தேவையில்ல, 'நியர் த ஸ்டேஷன்' போதும். 'நியர்பை மை ஹவுஸ்'னும் எழுதாதீங்க, 'நியர் மை ஹவுஸ்'தான்.

அடுத்து, பக்கத்துல இருக்குற கடைய 'க்ளோஸ் ஷாப்'னு சொல்றது. தமிழ்லயே பாருங்க, பக்கத்து கடைன்னு சொல்வோம், நெருங்கிய கடைன்னு யாராவது சொல்வாங்களா? 'நெருங்கிய'னு வர்ற இடத்துலதான் பெரும்பாலும் க்ளோஸ் பொருந்தும், க்ளோஸ் ஃப்ரெண்ட், க்ளோஸ் ரிலேட்டிவ் மாதிரி. கடைக்கு 'நியர்பை ஷாப்'. 'நியர் ஷாப்'பும் சரியில்ல, ஆனா 'நியர் ஃப்யூச்சர்' சரி, அது அப்படியே பழகிப்போன தொடர்.

எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் 'நியர்லி'. இதுக்கு பக்கத்துலன்னு அர்த்தமே கிடையாது, தமிழ்ல 'கிட்ட'ன்னா பக்கத்துல, 'கிட்டத்தட்ட'ன்னா ஏறக்குறைய, நியரும் நியர்லியும் அச்சு அசல் அதே ஜோடிதான்! 'க்ளோஸ்லி'யும் இதே மாதிரிதான் ஏமாத்தும். பக்கத்துல வான்னு கூப்பிட 'கம் க்ளோஸ்', உத்துப் பாருன்னு சொல்ல 'லுக் க்ளோஸ்லி', இத மாத்திப் போட்டா சொல்ல வந்ததே வேறயாயிடும்.

கடைசியா போர்டுல எழுதுறவங்களுக்கு. 'வி ஆர் க்ளோஸ் டுடே'ன்னு ஒரு கதவுல ஒட்டியிருந்தத பாத்திருக்கேன், அதைப் படிச்சா இன்னைக்கு நாங்க நெருக்கமா இருக்கோம்னு அர்த்தம் வரும். லீவுன்னு சொல்லணும்னா 'க்ளோஸ்டு', அந்த டி-ய விட்டுடாதீங்க.