பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்றதும் டிரைவரை நீக்காதீர்கள்

அலுவலகத்தில் ஐந்தாறு பேர் பகிர்ந்துகொள்ளும் பிரிண்டர் திடீரென்று ‘ஆஃப்லைன்’ என்று காட்டினால், பலரும் முதலில் டிரைவரை (பிரிண்டரை இயக்கும் மென்பொருளை) அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். சில சமயம் அதில் சரியாகியும் விடுகிறது. அதனால்தான் இந்தப் பழக்கம் போக மறுக்கிறது. உண்மையில், மறுபடி நிறுவும்போது விண்டோஸ் பிரிண்டரைப் புதிதாகத் தேடி நெட்வொர்க்கில் அதன் இப்போதைய ஐபி முகவரி எண்ணைப் பிடித்துக்கொள்கிறது. கோளாறு டிரைவரில் இருந்ததே இல்லை.

மின்சாரம் போய் வந்ததும் ரவுட்டர் பிரிண்டருக்கு வேறு முகவரி கொடுத்திருக்கலாம். பிரிண்டரின் மெனுவிலிருந்து நெட்வொர்க் விவரப் பக்கத்தை அச்சிட்டுப் பாருங்கள். அதில் 192.168.1.57 என்றும், கணினியில் பிரிண்டர் பண்புகளின் ‘போர்ட்ஸ்’ பகுதியில் 192.168.1.43 என்றும் இருந்தால் காரணம் அதுதான். ரவுட்டரில் அந்தப் பிரிண்டரின் மேக் முகவரிக்கு (கருவியோடு வரும் அடையாள எண்ணுக்கு) ஒரு ஐபியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டு, போர்ட்டிலும் அதையே கொடுங்கள். ரவுட்டரைத் தொடாமல் பிரிண்டரில் மட்டும் ஏதோ ஒரு எண்ணைப் போட்டுவிடுவது அடுத்த தவறு. ரவுட்டர் தானாகப் பங்கிடும் எண்களில் அதுவும் ஒன்று என்றால், நாளை யாருடைய கைப்பேசியாவது அதே முகவரியோடு வந்து நிற்கும்.

விண்டோஸ் தானாகச் சேர்க்கும் பிரிண்டர் பெரும்பாலும், கருவிகளைத் தானாகக் கண்டுபிடிக்கும் ‘டபிள்யூஎஸ்டி’ (WSD) போர்ட்டில் அமர்ந்துகொள்ளும். வீட்டுக்கு அது போதும். பலர் நம்பியிருக்கும் இடத்தில் ‘ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி’ போர்ட்டை நாமே உருவாக்குவது நல்லது. அதில் வழக்கமான போர்ட் எண் 9100. பிரிண்டரின் ஐபிக்கு ‘பிங்’ கட்டளை கொடுத்தால் பதில் வருகிறது, ஆனாலும் ‘ஆஃப்லைன்’ என்கிறதா? அந்தப் போர்ட்டின் அமைப்பில் பிரிண்டரின் நிலையை விசாரிக்கும் ‘எஸ்என்எம்பி நிலை’ (SNMP Status) என்ற பெட்டியில் இருக்கும் டிக்கை எடுத்துப் பாருங்கள்.

ஒருவர் வேலை பார்க்கும் கணினியையே பிரிண்ட் சர்வராக (எல்லோருடைய அச்சும் அதன் வழியே போகும்படி) வைத்தால், அதன் ஸ்லீப்பை அணைத்துவிடுங்கள். அவர் சாப்பிடப் போனதும் மற்றவர்களின் வேலை நின்றுவிடக் கூடாது.

வரிசையில் ஓர் ஆவணம் சிக்கிக்கொண்டால் ஸ்பூலரை (அச்சு வரிசையைக் கவனிக்கும் விண்டோஸ் சேவையை) ரீஸ்டார்ட் செய்வது மட்டும் போதாது. கெட்டுப்போன அதே ஆவணம் திரும்ப வந்து அடைக்கும். சர்வீசஸில் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ சேவையை நிறுத்துங்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று போய், உள்ளே இருக்கும் கோப்புகளை அழியுங்கள். பிறகு சேவையைத் தொடங்குங்கள். காத்திருக்கும் எல்லோருடைய ஆவணங்களும் சேர்ந்தே போய்விடும் என்பதால், முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது, பகிர்ந்த பிரிண்டரோடு இணையும்போது வரும் 0x0000011b பிழைக்குப் பரவியிருக்கும் வைத்தியம். ஸ்பூலரின் பாதுகாப்பு ஓட்டைகள் வரிசையாக வெளிவந்த ஆண்டு 2021. ‘பிரிண்ட்நைட்மேர்’ அவற்றில் பெரியது. அந்த ஆண்டு செப்டம்பர் அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் சர்வர் இணைப்புக்கான பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது. அதையடுத்துப் பல அலுவலகங்களில் இந்தப் பிழை தலைகாட்டியது. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் அமைப்புகளின் பதிவேட்டில்) ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கினால் அச்சு வந்துவிடும்தான். அடைத்த ஓட்டையும் திறந்துவிடும். சர்வர், மற்ற கணினிகள் இரண்டிலும் எல்லா அப்டேட்டுகளையும் போடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் சர்வரை விட்டுவிட்டு, ஒவ்வொரு கணினியிலிருந்தும் பிரிண்டரின் ஐபிக்கே நேரடியாக இணைத்துக்கொள்ளுங்கள்.