கோலசிலாங்கூருக்கு வருகிறீர்களா? முதலில் அமாவாசை எப்போது என்று பாருங்கள்

எங்கள் வீடு புக்கிட் ரோத்தானில் இருக்கிறது. சுற்றிலும் செம்பனை, அப்பா காலத்தில் அவ்வளவும் பால்மரம். கோலசிலாங்கூர் பட்டணம் பக்கத்திலேயே இருப்பதால், பள்ளி விடுமுறை வந்தால் போதும், உறவுக்காரர்கள் எங்கள் வீட்டில் பையை இறக்கி வைத்துவிட்டுத்தான் மின்மினி பார்க்கக் கிளம்புவார்கள். அவர்களில் பலர் முகம் வாடித் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஊரில் குறை எதுவும் இல்லை. அவர்கள் வந்த நாளும் நேரமும்தான் பொருந்தவில்லை.

ஒரு வருடம் பினாங்கிலிருந்து அண்ணன் குடும்பம் வந்தது. சுவரில் தொங்கிய நாள்காட்டியில் அன்றைக்குப் பௌர்ணமி. "இன்றைக்கு வேண்டாம் அண்ணி, நிலா முழுசாக இருக்கு" என்றேன். "பிள்ளைகளுக்கு நாளைக்கு ஊருக்குத் திரும்பணுமே தம்பி" என்று கிளம்பிவிட்டார். கம்போங் குவாந்தானில் படகேறி ஆற்றைப் பார்த்தால் பால் ஊற்றியதுபோல் வெளிச்சம். மரத்தில் மின்மினி இருந்தது, ஆனால் கண்ணுக்கு மங்கலாகத்தான் பட்டது. சின்னவன், "இவ்வளவுதானா சித்தப்பா?" என்று கேட்டதற்கு எனக்குப் பதில் வரவில்லை.

நம்மில் பெரும்பாலோர் சனி ஞாயிறு பார்த்து வருகிறோம். இந்த ஊருக்கு நிலவைப் பார்த்து வர வேண்டும். அமாவாசைக்கு முன்னும் பின்னும் சில நாட்கள்தான் மின்மினிக்கு நல்ல இருட்டு. அலையில்லாத கடல் நடுவே வானம் காலடியில் தெரியுமே, அந்த 'ஸ்கை மிரர்' மணல்திட்டுக்கும் இதே கணக்குதான். கடல் நன்றாக வற்றும்போதுதான் அது தலைகாட்டும். அப்படி வற்றுவது அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில். பௌர்ணமிக்கு வந்தால் திட்டு கிடைக்கும், மின்மினி மங்கிவிடும். அமாவாசைக்கு வந்தால் இரண்டும் கிடைக்கும். வற்றும் நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போவதால், படகு எத்தனை மணிக்கு என்பதை முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பட்டணத்துக்கு வந்த பிறகு விசாரித்தால், அநேகமாக அன்றைய படகு போயிருக்கும்.

அடுத்த தவறு வெளிச்சம். சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்களில் கூடும் இந்தப் பூச்சி ஒரு நெல்மணி அளவுதான் இருக்கும். அந்த விளக்கு ஆண் பூச்சி பெண்ணைக் கூப்பிடும் குரல். மரம் முழுவதும் சேர்ந்தாற்போல் மின்னி அணைவதைப் பார்த்தால் தீபாவளிக்கு யாரோ விளக்குச் சரம் தொங்கவிட்டது போலிருக்கும். அங்கே கைப்பேசியின் பளிச் விளக்கை அடித்தால் கூப்பிடுகிற குரலை அமுக்கிவிடுகிறோம். படமும் வராது, வெறும் இலைதான் விழும். கைப்பேசியைப் பையில் போட்டுவிடுங்கள். கொசு மருந்தைப் படகில் ஏறும் முன்பே, தள்ளி நின்று பூசிக்கொள்ளுங்கள், மரத்தடியில் தெளிக்காதீர்கள். பூச்சியைப் பிடித்துப் போத்தலில் அடைத்துக்கொண்டு போகவும் வேண்டாம்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. மின்மினியின் புழு, கரையோர ஈர மண்ணில் நத்தையைத் தின்று வளர்கிறது. கரைவரை காட்டை வெட்டிச் செம்பனை போட்டால் நத்தைக்கும் இடமில்லை, புழுவுக்கும் இடமில்லை. செம்பனையில் சோறு தின்று வளர்ந்தவன் நான். அதனால்தான் மிச்சமிருக்கும் மரங்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது.

நேரமும் முக்கியம். ஏழு மணிக்கு முன் வந்தால் வானம் இன்னும் வெளுத்துத்தான் இருக்கும். எட்டு மணிவாக்கில் படகேறுவது நல்லது. மழை கொட்டினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். கம்போங் குவாந்தானில் துடுப்புப் போடும் சம்பான் கிடைக்கும். சத்தமில்லாமல் போகும் என்பதால் நான் அதையே சொல்வேன். அண்ணியை அடுத்த முறை ஓர் அமாவாசை இரவில் அழைத்துப் போனேன். படகுக்காரர் துடுப்பை நிறுத்தி மரத்தடியில் ஒதுங்கியபோது ஒரு பூச்சி அவர் முந்தானையில் வந்து உட்கார்ந்து மின்னியது. கரை வரும்வரை அவர் கையைக்கூட அசைக்கவில்லை.

அப்புறம் புக்கிட் மெலாவத்தி. குன்றின் மேல் இரண்டு வகைக் குரங்குகள் உண்டு, இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் வம்பு. பழுப்பு நிற நீள்வால் குரங்கு பையைப் பறிக்கும். மலாய்க்காரர்கள் லோத்தோங் என்று சொல்லும் வெள்ளிச் சாம்பல் நிறக் குரங்கு சாது. அதன் குட்டி பிறக்கும்போது ஆரஞ்சு நிறம். சாம்பல் நிறத் தாயின் மடியில் சாமந்திப் பூ வைத்ததுபோல் இருக்கும். லோத்தோங் இலை தின்னி. அதன் வயிறு பல அறைகளாகப் பிரிந்து, இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கிறது. அதற்கு ரொட்டியும் நிலக்கடலையும் கொடுப்பது அன்பு இல்லை, வயிற்றுக்குக் கெடுதல். தோளில் ஏறி உட்கார்ந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள், தீனி மட்டும் வேண்டாம். படகில் போய்க் கோழித்தோலை வீசிக் கருடனை வரவழைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. வானத்தில் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிற பறவையை அப்படிப் பழக்கக் கூடாது.

அங்குள்ள கலங்கரை விளக்கத்தை டச்சுக்காரன் கட்டியது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பெயர்தான் டச்சு: ஆல்திங்ஸ்பர்க். டச்சுக்காரர்கள் 1784இல் இந்தக் குன்றின் மேலிருந்த கோட்டையைப் பிடித்து வைத்த பெயர் அது. அடுத்த வருடமே சுல்தான் இப்ராஹிம் கோட்டையை மீட்டுவிட்டார். கலங்கரை விளக்கம் எழுந்தது 1907இல், ஆங்கிலேயர் காலத்தில். சிலாங்கூரின் முதல் மூன்று சுல்தான்களும் இதே குன்றில் அடங்கியிருக்கிறார்கள். அங்கே தோளும் முழங்காலும் மூடிய உடையில், குரலைத் தாழ்த்தி நடப்பது மரியாதை. இன்னொன்று: பினாங்கு கோர்ன்வாலிஸ் கோட்டையில் இருக்கும் ஸ்ரீ ரம்பாய் பீரங்கியை 1871இல் ஆங்கிலேயர் இங்கிருந்துதான் எடுத்துப் போனார்கள். பிள்ளை வரம் கேட்டு அதில் பூ வைப்பார்கள். "எங்கள் ஊர்ப் பீரங்கி இங்கேயிருந்து போனதா!" என்று அண்ணி அசந்துபோனார்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை ஒரே தவறு, ஏழு மணிக்குப் பாசிர் பெனம்பாங் போய் உட்காருவது. கூட்டத்தில் நண்டு மேசைக்கு வருவதற்குள் மின்மினி நேரம் போய்விடும். ஐந்தரைக்கே போங்கள், மீன்பிடிப் படகுகளைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். உயிர் நண்டும் இறாலும் எடை போட்டுத்தான் விற்கப்படும், ஆகவே கிலோ எத்தனை வெள்ளி என்று கேட்டுவிட்டுச் சமைக்கச் சொல்லுங்கள். ஒரு கடையில் நான் கேட்காமல் விட்டு, கணக்கு வந்தபோது பக்கத்தில் இருந்த மாமாவிடம் கடன் வாங்கினேன். காரும் நேரமும் இருந்தால் ஜெராம் பக்கம் மெந்தாராங் கிளிஞ்சல் சாப்பிட்டுப் பாருங்கள்.

முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள். செம்பனைத் தோட்டத்துச் சாலைகளில் இரவில் விளக்கு குறைவு, குலை ஏற்றிய லோரிகளும் வரும். களைத்துப்போய் ஓட்ட வேண்டாம். காலையில் பசியாறிவிட்டு எங்கள் புக்கிட் ரோத்தான் ஸ்ரீ சக்தி தேவஸ்தானத்துக்கு வாருங்கள். தூண் தூணாக நின்று சிற்பங்களைப் பார்க்க ஒரு மணி நேரமாவது ஆகும். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதற்கு முன்பே வந்துவிடுங்கள்.