ரஷ்யச் சிறுகதையில் பேய் வந்தால் என்ன செய்வது?

கோகலின் 'மேல்கோட்டு' (1842) பற்றிப் பேசுகிறவர்கள் பலர், குமாஸ்தா அகாக்கி அகாக்கியெவிச் செத்ததும் கதையை மூடிவிடுகிறார்கள். ஏழ்மை, புதுக் கோட்டின் திருட்டு, அதிகாரியின் அதட்டல், மரணம். ஆகவே இது யதார்த்தக் கதை என்று தீர்ப்பும் சொல்லியாகிவிடுகிறது. ஆனால் அதற்குப் பிறகு பீட்டர்ஸ்பர்க் தெருக்களில் ஒரு பேய் அலைந்து, பதவி பார்க்காமல் எல்லோருடைய கோட்டையும் உருவுகிறது. அதைப் பிற்சேர்க்கையாக ஒதுக்குவதுதான் முதல் தவறு.

பேய் திடீரென வரவில்லை. பிறந்த குழந்தைக்குப் புனிதர்களின் நாட்காட்டியைப் புரட்டிப் பெயர் தேடுவது, வாழ்நாளெல்லாம் பணிவோடு பிரதி எடுப்பது என்று தொடக்கமே புனிதர் வரலாற்றின் சாயலில் இருக்கிறது. கூடவே கதைசொல்லி கிண்டலும் அடிக்கிறான். அகாக்கியின் வேதனைக் குரலில் "நான் உன் சகோதரன்" என்று சக ஊழியன் ஒருவனுக்குக் கேட்டு மனம் உருகும் இடம் அந்தக் கிண்டல்களுக்கு நடுவே வருகிறது. கடைசியில் தென்படும் 'பேய்' பழைய குமாஸ்தாவைவிட உயரம். பெரிய மீசை, பயங்கரமான முஷ்டி. அது பேயா, திருடனா? கோகல் சொல்வதில்லை.

புஷ்கினின் 'இஸ்பேட் ராணி' (1834) கதையில் தவறு வேறு விதம். சீட்டாட்ட ரகசியம் தெரிந்த கிழவி செத்தபின் உண்மையில் பேயாக வந்தாளா, அந்த ரகசியத்துக்கு ஏங்கிய ஹெர்மனின் பிரமையா என்று முடிவு கட்டத் துடிக்கிறோம். அன்று அவன் வழக்கத்துக்கு மாறாக நிறையக் குடித்திருந்தான், பிரமைதான் எனலாம். ஆனால் அவள் சொன்ன சீட்டுகளில் மூன்றும் ஏழும் சூதாட்ட மேசையில் ஜெயிக்கின்றனவே! பேய்க்கதையும் மனநோய்க் கதையும் ஒன்றையொன்று ஜெயிக்கவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் இதன் வேலைப்பாடு. 1880-இல் எழுதிய ஒரு கடிதத்தில் தஸ்தயேவ்ஸ்கி வியந்ததும் இந்தத் தீராத சந்தேகத்தைத்தான்.

இன்னொரு தவறு, கதைமாந்தர் நம்பும் கதையை ஆசிரியரின் கதையாக எடுத்துக்கொள்வது. புஷ்கினின் குதிரைத் தபால் நிலைய அதிகாரி (1831), ஓடிப்போன மகள் துன்யா சீரழிவாள் என்றே நினைக்கிறார். கரம்சினின் 'ஏழை லீசா' (1792) முதல் இப்படிப்பட்ட கதைகளில் ஏமாந்த பெண் செத்துப்போவாள். நிலையத்துச் சுவரில், வீட்டை விட்டுப் போய்ச் சீரழிந்து திரும்பும் பைபிள் கதையின் ஊதாரி மகன் படங்கள் வேறு தொங்குகின்றன. ஆனால் துன்யா ஆறு குதிரை பூட்டிய வண்டியில் மூன்று குழந்தைகளோடு வருகிறாள். குடித்துச் செத்தவர் அப்பாதான். சோகக்கதையை வாழ்ந்து தீர்த்தவரும் அவரே.

லெஸ்கோவின் 'இடக்கையன்' (1881) அன்றைய விமர்சகர்களையே ஏமாற்றியது. கிழட்டு ஆயுதக் கொல்லர் ஒருவர் சொல்லக் கேட்டு எழுதியதாக லெஸ்கோவ் விளையாட்டாக முன்னுரை போட்டார். அதை அப்படியே நம்பி, நாட்டார் கதையைப் பதிவு செய்தவர் என்ற அளவில் அவரை நிறுத்திவிட்டார்கள். கதை தன் சொந்தக் கற்பனை என்று 1882-இல் லெஸ்கோவ் விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. பின்னாளில் முன்னுரையையே எடுத்துவிட்டார்.